கடலில் இருக்கிற ஆள்

அரசாங்கத்தைப் பொறுத்தவரை காது அப்போது நடுக்கடலில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில், நாட்டைக் காத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியைப் பொறுத்தவரை அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று நினைப்பவர்கள் கடற்படையில் வேலை பார்த்ததில்லை.

காது என்பது நீர்மூழ்கிக் கப்பலில் அவனுக்கு வைத்த பெயர். சோனார் அறையில் வேலை. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடலைக் கேட்க வேண்டும். தூரத்துச் சரக்குக் கப்பல் தண்ணீரை அடிக்கும் தாளம், திமிங்கலத்தின் பெருமூச்சு, இறால் கூட்டத்தின் படபட சத்தம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் தின்ன முடியாது என்பது அவன் மனைவியின் நெடுநாள் புகார்.

அந்தக் கப்பலின் வேலையைப் புரிந்துகொள்வது சுலபம். அதன் வயிற்றில் சில ஏவுகணைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நகரத்தை இருந்த சுவடு தெரியாமல் ஆக்கிவிடும். அவற்றை ஏவுவது கப்பலின் வேலை இல்லை. ஏவாமல் இருப்பதுதான் வேலை. நாம் முந்திக்கொண்டு அடித்தாலும் எங்கோ ஒளிந்திருக்கும் அந்தக் கப்பல் திருப்பி அடித்துவிடும் என்று எதிரி எந்நேரமும் பயந்துகொண்டிருக்க வேண்டும். இதற்குத் தடுப்பாற்றல் என்று பெயர். ஒன்றும் நடக்காமல் இருந்தால் வெற்றி. ஆகவே ஒவ்வொரு வருடமும் வெற்றி விழா கொண்டாடினார்கள்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கப்பல் சத்தம் போடக் கூடாது. இரண்டு, கடல் ஒரு பொழுதும் காலியாக இருக்கக் கூடாது. ஒரு கப்பல் கரைக்கு வந்தால் இன்னொன்று உள்ளே போயிருக்க வேண்டும்.

இந்த முறை இன்னொன்று பணிமனையில் தோல் உரித்த கோழி மாதிரிக் கிடந்தது. காதின் கப்பல் கிளம்பியது. கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே காதுக்கு ஒரு சத்தம் கேட்டது. டுக். கொஞ்சம் இடைவெளி. டுக். திமிங்கலம் இல்லை, இறால் இல்லை. தன் கப்பலேதான். குளிர்நீர் பம்பில் ஏதோ ஒன்று லூசாகிப் பாடிக்கொண்டிருந்தது. கேப்டன் வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நிச்சயமா கேக்குதா?"

"கேக்குது சார்."

"உனக்குக் கேட்டா அவனுக்கும் கேக்கும்" என்றார் கேப்டன். கப்பல் திரும்பியது. ஊர் அடங்கியபின் யாருக்கும் தெரியாமல் கூரை போட்ட கப்பல்துறைக்குள் நுழைந்து, அதுவும் தோலை உரித்துக்கொண்டு படுத்தது.

ஆக, கடல் காலி. தலைமையகத்தில் கூட்டம் போட்டார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கப்பல் கடலில்தான் இருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டது. கப்பலை யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த சிக்கல் மாலுமிகள். தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், அத்தனை பேருக்கும் ரொட்டி வாங்க வேண்டும். ரொட்டி சப்ளை செய்யும் காண்டிராக்டருக்கோ வாயில் பூட்டு கிடையாது. ஆகவே சலவைத் துணி வண்டிகளில் மூட்டையோடு மூட்டையாக அவரவர் வீட்டில் இறக்கிவிட்டார்கள். உத்தரவு தெளிவாக இருந்தது. வெளியே வரக் கூடாது. ஜன்னல் பக்கம் நிற்கக் கூடாது. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டும். மனைவி கடைக்குப் போயிருக்கும்போது கக்கூசில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடலில் இருக்கும் கணவனுக்கு மனைவி வாரம் ஒருமுறை சில வரிகள் அனுப்பலாம் என்றொரு ஏற்பாடு உண்டு. பதில் வராது, கப்பல் வாய் திறந்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். எல்லா மனைவிகளும் ஒரே நாளில் எழுதுவதை நிறுத்தினால் சந்தேகம் வரும் என்பதால் அதுவும் தொடர்ந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்தாள்.

"அன்புள்ள உங்களுக்கு. நான் நலம். அப்புறம் என்ன எழுத?"

"குழம்புல உப்பு கம்மின்னு எழுது" என்றான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

"கெட்ட செய்தி எழுதக் கூடாதாம். வெட்டிடுவாங்க."

இந்த விளையாட்டு, அவன் அப்பா படுக்கையில் விழும்வரை விளையாட்டாக இருந்தது.

அப்பா அதே தெருவின் மறுகோடியில், மாடி வீட்டில், காதின் அக்காவோடு இருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய பெரிய கப்பல்களையெல்லாம் மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துவந்து கட்டியவர். அவருடைய குரலுக்கு ஊர் வைத்த பெயர் ஹாரன். வீட்டுக்குள் காபி கேட்டால் கப்பலில் இருப்பவன் டம்ளர் எடுப்பான் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குச் சத்தமே போடாமல் இருக்கிற வேலைக்குப் போன பிள்ளை. "பேச்சே இல்லாத வேலைக்கு எதுக்குடா சம்பளம்?" என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் அடைபட்ட நாளிலிருந்து காதின் பொழுதுபோக்கு அவரைக் கேட்பதுதான். அடுக்களைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும். பால்காரரைத் திட்டுவது கேட்கும். பிறகு இருமல் கேட்டது. பிறகு இருமல் மட்டும் கேட்டது. ஒரு நாள் காலையில் டாக்டரின் வண்டி தெருக்கோடியில் நின்றது. அன்று சாயங்காலம் அக்கா வந்து வாசலில் நின்றாள். தம்பி வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"டாக்டர் கைய விரிச்சிட்டார்" என்றாள். "நெஞ்செல்லாம் தண்ணியாம். இன்னிக்கோ நாளைக்கோங்கறார். கண்ணு முழிக்கும்போதெல்லாம் 'அவன் வந்துட்டானா'ன்னு ஒரே கேள்வி. நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ள வாங்க அண்ணி" என்றாள் மனைவி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி.

"எங்க உள்ள வர்றது? அங்க தனியா கெடக்கார். பெத்தவர் மூச்சு இழுத்துட்டு கெடக்கார், இவன் கடலுக்கு அடியில போய் எவனுக்கோ காவல் காக்கறான். வரட்டும். வந்தான்னா அவன் காதப் பிடிச்சித் திருகி கையில குடுக்கறேன்."

அடுக்களைத் திரைக்குப் பின்னால் அந்தக் காது அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே குடும்ப நல அதிகாரி வந்தார். மென்மையான மனிதர். 'வருத்தம்' என்ற சொல்லை அவர் உச்சரித்தால் கேட்பவருக்கே அவர்மேல் வருத்தம் வரும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்ததை அவர் பார்க்காத மாதிரிப் பார்த்தார்.

"மாமனாருக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டோம்மா. ரொம்ப வருத்தம்."

"ஆமா சார்."

"இத உங்க கணவருக்குத் தெரிவிக்க வேண்டாம்."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "தெரிவிக்க வேண்டாமா?"

"விதி அப்படிம்மா. கடல்ல இருக்கறவங்களுக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது. அவங்களால திரும்பி வர முடியாது பாருங்க. மனசு கெட்டா வேலை கெடும். கப்பல் கரைக்கு வந்ததும் நாங்களே உக்கார வெச்சு பக்குவமா சொல்லிடுவோம்."

"கப்பல் கரையிலதானே சார் இருக்கு?"

குழந்தை கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், எனக்கு ஏற்கனவே தெரியும்" என்றது திரை.

அதிகாரி திரும்பவில்லை. "வீட்ல ரேடியோ ஓடுதாம்மா?"

"ஆமா சார். ரொம்ப நாளா ஓடுது. நிறுத்தறதுக்கு சுவிட்ச் இல்ல."

காது வெளியே வந்துவிட்டான். "தெருக்கோடில கெடக்கார் சார் எங்கப்பா. போய் ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்துட்டு வந்துடறேன்."

அதிகாரி இப்போது குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே பேசினார். "தம்பி, உனக்குத் தெரியாததா? எதிரி மேல இருந்து பாக்கறான், கீழ இருந்து கேக்கறான், ஊருக்குள்ள எத்தனை பேர வெச்சிருக்கானோ. சோனார்ல இருக்கறவன் தெருவுல நடந்தான்னு ஒருத்தன் போட்டோ அனுப்பினா போதும். கடல் காலின்னு தெரிஞ்சிடும். அப்புறம் நடக்கறதுக்கு நீயா பொறுப்பு, நானா பொறுப்பு?"

"அவர் செத்துட்டா?"

"ரொம்ப வருத்தமா இருக்கும்" என்றார் அதிகாரி. எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலுக்குப் போனவர், மறந்ததைச் சொல்வதுபோல் மனைவியிடம் சொன்னார்: "ஒருவேளை அழுகை வந்தா, அக்கம்பக்கத்துக்குக் கேக்காம அழணும்மா. உங்களச் சொல்லல."

காது அடங்கிப்போனான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவன் அந்த வேலையை நம்பியவன். ஒரு சின்ன டுக் சத்தத்துக்காகக் கப்பலையே திருப்பியவன். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தெருவின் மறுகோடியைக் கேட்க ஆரம்பித்தான். முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் கேட்டது. யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பது கேட்டது. அக்கா வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. அப்பா கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

கப்பலில் அந்தப் பதிலுக்காகத்தான் அவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எதிரே யாருமில்லை, எல்லாம் நலம் என்று அர்த்தம். இங்கே அதே பதில் அவன் வாயிலிருந்து வந்து தரையில் விழுந்து கிடந்தது.

"என் யூனிஃபார்ம் எங்க?"

"எதுக்கு? சாதாரண சட்டையில போனா யாரும் கவனிக்க மாட்டாங்க."

"எங்கப்பாவப் பாக்கத் திருட்டுத்தனமா போக மாட்டேன்."

அவள் எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். "அப்ப ஷூவுக்குப் பாலிஷ் போடுங்க. பாக்கறவன் நல்லாப் பாக்கட்டும்."

உச்சிவெயிலில், மார்பில் நீர்மூழ்கிப் பதக்கம் பளபளக்க, காது கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினான். அத்தனை நாள் அடுக்களை இருட்டில் இருந்த கண்ணுக்கு வெயில் கூசியது. முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் தாடையில் சவரக்கத்தியை வைத்தபடி அவனைப் பார்த்தார். கத்தி நின்றுவிட்டது. தாடைக்காரர் மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. அவருடைய கார் மாடி வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இறங்கி ஓடிவந்து வழி மறித்தார். ஓடினாலும் குரலை உயர்த்தவில்லை.

"திரும்பிப் போ. இப்பவே போனா நான் பாக்கலைன்னு வெச்சிக்கறேன்."

"வழி விடுங்க சார்."

"கோர்ட் மார்ஷல் ஆயிடும். வேலை போகும், பென்ஷன் போகும், உள்ள போவே."

காது நின்றான். பயத்தில்தான் நின்றான். ஆனால் நின்ற இடத்தில் அவனுக்கு ஒன்று கேட்டது. அதிகாரியின் மூச்சு. தன்னுடையதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன குத்தம்னு எழுதுவீங்க?" என்றான்.

"உத்தரவில்லாம வெளிய வந்த குத்தம்."

"எங்கிருந்து வெளிய வந்தேன்?"

"வீட்ல இருந்—" அதிகாரி வாயை மூடிக்கொண்டார்.

"எழுதுங்க சார். வீட்ல இருந்து வந்தான்னு எழுதினா, அப்ப கப்பல்ல யார் இருக்கான்னு கேப்பாங்க. கப்பல்ல இருந்து வந்தான்னு எழுதினா, நடுக்கடல்ல கதவ எப்படித் தெறந்தான்னு கேப்பாங்க. என்னைப் பிடிச்சி வண்டியில ஏத்துங்க, இத்தனை பேர் பாக்கறாங்க. கடல்ல இருக்கறவன தெருவுல கைது பண்ணின மொத ஆபீசர்னு உங்க பேர் நிக்கும்."

"என்னையே மிரட்டறியா?"

"மிரட்டல் இல்ல சார். தடுப்பாற்றல். பத்து வருஷமா இதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்."

அதிகாரி தெருவைப் பார்த்தார். முடிவெட்டும் கடைக்காரர் சட்டென்று வாடிக்கையாளரின் தாடையில் ஆழ்ந்த அக்கறை காட்டினார். தன் கையில் இருக்கும் பெரிய குண்டைப் போட்டால் முதலில் இடிவது தன் கூரைதான் என்று ஒரு மனிதருக்குப் புரிவதை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்ப்பது யாருக்கும் எளிதில் வாய்க்காது.

"சரி" என்றார். "மேல போ. ஜன்னல டிரைவர் சாத்திடுவான், தெறக்காத. சத்தம் வரக் கூடாது. சாயங்காலம் துணி வண்டி வரும், அதுல திரும்பிடணும்."

காது மாடிப்படி ஏறினான். கதவைத் திறந்த அக்கா பேய் அறைந்தாற்போல் நின்றாள். பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எப்படா வந்த?"

"நேத்து நீ எங்க வீட்டு வாசல்ல நின்னு என் காதத் திருகறேன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடி."

இன்னொன்று வைத்தாள். இது முதலாவதைவிடப் பலமாக இருந்தது. அப்புறம்தான் அழுதாள்.

அப்பா கட்டிலில் மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார். அவ்வளவு பெரிய குரல் குடியிருந்த உடம்பு இவ்வளவு சின்னதா என்று இருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. காது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஹெட்போன் இல்லாமலே அவர் மூச்சுக்குள் தண்ணீர் தளும்புவது கேட்டது.

கண் திறந்தது. யூனிஃபார்மைப் பார்த்தார். பதக்கத்தைப் பார்த்தார். முகத்துக்கு வந்தார்.

"லீவா?" காற்றுதான் வந்தது.

"இல்லப்பா. டியூட்டிலதான் இருக்கேன்."

"எங்க?"

"இங்கதான்."

அவர் உதடு கொஞ்சம் கோணியது. ஹாரனின் சிரிப்பு அதுதான் இப்போது. பிறகு இருமல் வந்து அவரைத் தூக்கிப் போட்டது. அடங்கியதும் விரல் ஜன்னலைக் காட்டியது. துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். படுத்த நாளிலிருந்து திறந்தே கிடந்ததை, கடலில் இருக்கும் ஆள் உள்ளே வருகிறான் என்பதற்காக, அதிகாரி தன் டிரைவரை அனுப்பி, காரணம் சொல்லாமல், அவன் படியேறுவதற்குள் சாத்த வைத்திருந்தார். அறை வெந்துகொண்டிருந்தது.

"தெறக்கச் சொல்றார்" என்றாள் அக்கா.

"கூடாதும்மா" என்றது வாசல். அதிகாரியும் பின்னாலேயே வந்திருந்தார். "தெருவுக்கு நேரா இருக்கு. ரொம்ப வருத்தம்."

"மூச்சு முட்டுது சார் அவருக்கு."

"புரியுது. ஆனா எதிரி..."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "நம்மளப் பாத்து எதிரி பயப்படணும்னுதான கப்பல் கட்டினீங்க? அவன் எங்கியோ ஜன்னலத் தெறந்து வெச்சிட்டுத் தூங்கறான். நாங்க ஏன் சார் சாத்திட்டு சாகணும்?"

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

காது எழுந்தான். ஜன்னலின் கொண்டி துருவேறி இறுகியிருந்தது. உள்ளங்கையால் ஒரு அடி அடித்தான். ஒரு கதவு திறந்து வெளிச்சுவரில் மோதியது, மற்றது அசையவில்லை. கப்பலில் கரண்டி கீழே விழுந்தால் மன்னிப்புக் கேட்கும் கூட்டத்தில் வளர்ந்தவன் அவன். அந்தச் சத்தம் அவனுக்கே இனித்தது. காற்று உள்ளே வந்தது. உப்பும் டீசலும் கலந்த காற்று. அப்பாவின் மூக்கு விரிந்தது.

காது ஜன்னலைவிட்டு நகரவில்லை. முழு உடம்பும் தெரிய, வெயில் முகத்தில் விழ, அங்கேயே நின்றான்.

கீழே முடிவெட்டும் கடைக்காரர் அதற்குமேல் தாங்க மாட்டாமல் தெருவுக்கே வந்துவிட்டார். "தம்பி! எப்ப வந்தே?"

தெரு காதைத் தீட்டிக்கொண்டது. சைக்கிளுக்குக் காற்றடிப்பது நின்றது. முதுகுக்குப் பின்னால் அதிகாரி மிக மெல்ல, கெஞ்சலாக, "லீவுன்னு சொல்லு" என்றார். சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான், பெரிய பொய்க்கு முட்டுக்கொடுக்க நன்றாகவே போதும். சாயங்காலம் துணி வண்டி வரும். மூட்டையோடு மூட்டையாகப் போய்விடலாம். அப்பா எப்போது போவார் என்று மறுபடி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"எங்கியும் போகலண்ணே!" காது கத்தினான். வாழ்நாளில் அவன் கத்தியதே இல்லை. வந்த குரல் யாருடையது என்று அந்தத் தெருவில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. "கப்பல் ரிப்பேர்! கெளம்பின வேகத்துலயே எல்லாரும் திரும்பிட்டோம்! வீட்டுக்குள்ளதான் இருக்கோம்! எங்கப்பாவுக்கு முடியல, அவர் எந்திரிக்கறவரைக்கும், இல்லாட்டி அவர் போறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்! யார் வேணும்னாலும் போட்டோ எடுத்துக்கட்டும்!"

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. எந்த நகரமும் சாம்பலாகவில்லை. பிறகு நாலு வீடு தள்ளி ஒரு கதவு விரலளவு திறந்தது. கப்பல் சமையல்காரனின் தலை வெளியே வந்தது. எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தான். போக இடமில்லாவிட்டாலும் தினமும் சீவிக்கொண்டிருந்திருக்கிறான் போல.

"டேய் காது, அப்ப நானும் வெளிய வரலாமா?"

"வாடா!"

அதிகாரி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள் அக்கா.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். காது திரும்பி ஓடிக் குனிந்தான். அப்பாவின் கண் அவனைத் தாண்டி ஜன்னலில் இருந்தது. பாதிக் கடல் தெரிந்தது. மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, பழைய அதட்டலில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டி, அவர் சொன்னார்:

"அந்தக் கதவையும் தெறடா."